தொழிற்பேட்டைக்கு ஒரு பார்வை மான்

மாணவி, மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே கிடையாது. ஆகவே நாம் படிக்கிற படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். படிப்பு என்றதும் சிலபஸ் என்று பயந்துவிட வேண்டாம். பரீட்சையில் வராத, ஆனால் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே நம் தலையில் வந்து விழப்போகிற ஒரு விஷயம் இது. தொழிற்சாலைக் கணிப்பொறிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவனை எப்படிக் கண்டுகொள்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒவ்வொரு சிறு தொழிற்சாலையிலும், திருடனைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு பொய்க் கணிப்பொறி இருக்க வேண்டும். அது போடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க, டிப்ளமோ படித்த ஒரு ஆள் இருக்க வேண்டும். முதலாளியின் இயந்திரத்தைக் காப்பாற்ற இது தேவை. ஒரு தப்பும் செய்யாத தொழிலாளி மீது பழி விழாமல் காப்பாற்ற இது அதைவிட அதிகமாகத் தேவை.

நம்ம ஏரியாவின் நிலைமை

காலை லோக்கல் ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோலிங் மில், பவுண்டரி, ரசாயனம், பிளாஸ்டிக், மோட்டார் உதிரி பாகம் என்று சிப்காட் முழுக்கப் பட்டறைகள். அந்தப் பக்கம் தேர்வாய்க் கண்டிகையில் டயர் தொழிற்சாலை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராத்திரி பகலாக லாரிகள். என் அப்பாவும் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் தொழிலாளிதான். அம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மில் என்றால் உலையும் உருளையும் இரும்புக் கம்பியும்தான். ஆனால் பயிற்சிக்காக உள்ளே போன நமக்குத் தெரியும், இன்று ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பின்னாலும் ஒரு பி.எல்.சி. உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு திரை. எடை மேடையில் ஒரு கணிப்பொறி. ஆபீசில் கணக்கு எழுத, ஜி.எஸ்.டி. பில் போட இரண்டு. வாசலில் கைரேகை இயந்திரம். சுவரெங்கும் கேமரா.

இவை எல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன? பல இடங்களில் ஒரே சுவிட்சில்! கேமராவும் பி.எல்.சி.யும் சம்பளக் கணக்கும் ஒரே கம்பியில் தொங்கும். இயந்திரம் விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் கோயம்புத்தூரிலிருந்தோ புனேயிலிருந்தோ இணையம் வழியாக உள்ளே வந்து பழுது பார்ப்பதற்கென்று ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். திரையில் ஓடுவது பழைய விண்டோஸாக இருக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் முடிந்தது. இயந்திரம் ஓடுகிற வரை அதைத் தொடாதே என்பதுதான் பட்டறை வேதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு ஷிப்ட் நின்றால் எத்தனை டன் போச்சு என்று கணக்குப் பார்க்கிற இடம் அது.

பி.எல்.சி. பேசுகிற மொழிகளில் ஒன்று மோட்பஸ். 1979இல் மோடிகான் கம்பெனி உருவாக்கியது. இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. அதே கம்பியில் இருக்கிற யார் வேண்டுமானாலும் 'வால்வைத் திற' என்று சொல்லலாம், அது திறந்துவிடும். 'நீ யார்?' என்று கேட்காது. அந்தக் காலத்தில் கம்பி தொழிற்சாலைச் சுவரோடு முடிந்தது, ஆகவே கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இன்று கம்பிக்கு முடிவே இல்லை.

பழி யார் மேல்?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிளஸ் டூ முடித்தவர். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலமாக எடை மேடை கணிப்பொறியில் வேலை பார்த்தார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தக் கணிப்பொறியில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் கொடுத்தால் திறந்து தருகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. எடைச் சீட்டு, லாரிக் கணக்கு எல்லாம் போச்சு. 'நீதானே அங்கே உட்கார்ந்திருந்தே? பென்டிரைவ் போட்டியா? பாட்டு ஏத்தினியா?' என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார். காண்ட்ராக்டர், 'நாளையிலிருந்து வர வேணாம்பா' என்று சொல்லிவிட்டார். நின்றுபோன சம்பளப் பாக்கி இன்னும் வரவில்லை. இப்போது லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறார்.

அவர் செய்தாரா, செய்யவில்லையா? எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பெனிக்கும் தெரியாது. ஏனென்றால் யார் எப்போது எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று எழுதி வைக்கிற ஒரு நோட்டுப் புத்தகம்கூட அந்தக் கம்பியில் இல்லை. வாசலில் செக்யூரிட்டியிடம் லாரி நம்பர் எழுத ரிஜிஸ்டர் இருக்கிறது. கணிப்பொறி வாசலில் இல்லை. ரிஜிஸ்டர் இல்லாத இடத்தில் சந்தேகம் எப்போதும் கீழே இருப்பவன் மேல்தான் போகும். இது நம் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவது நாமே.

காவல்காரன் இரண்டு வகை

இந்த ரிஜிஸ்டரை எழுதுகிற வேலைக்குப் பெயர் ஊடுருவல் கண்டறிதல். 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், கணிப்பொறியின் பதிவேடுகளை ஆராய்ந்தாலே அத்துமீறலைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார். 1987இல் டோரத்தி டென்னிங் என்ற அம்மையார் அதற்கு ஒரு முழுமையான மாதிரியை வெளியிட்டார். 1998இல் மார்ட்டின் ரோஷ் என்பவர் ஸ்நார்ட் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்தார். இன்றும் அது இலவசம்தான்.

இது வேலை செய்யும் விதம் இரண்டு. முதலாவது, தெரிந்த திருடர்களின் போட்டோவை ஸ்டேஷனில் மாட்டி வைப்பது போல. ஏற்கெனவே தெரிந்த தாக்குதலின் அடையாளங்களை வைத்துக்கொண்டு, போகிற வருகிற தகவலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். புதுத் திருடன் வந்தால் இதற்குத் தெரியாது. இரண்டாவது, ஊர்க் கிழவி திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது போல. தினமும் என்ன நடக்கிறது என்று பழகி வைத்துக்கொள்ளும். வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தால், 'யாருப்பா அது?' என்று குரல் கொடுக்கும். புதுத் திருடனையும் பிடிக்கும். ஆனால் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரனையும் சேர்த்துத் திட்டும்!

இங்கேதான் பெரிய சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனியின் வலையில் ஒரு நாளைக்கு 10 லட்சம் தொடர்புகள் போய் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் காவல்காரன் கெட்டிக்காரன், ஆயிரத்தில் ஒரு தடவைதான் தப்பாகக் கத்துவான். அப்படியும் ஒரு நாளைக்கு 1,000 பொய்ச் சத்தம்! நாலு நாள் பார்ப்போம், ஐந்தாம் நாள் ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம். கதை மட்டும் இல்லை இது. 2013இல் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர் அட்டைகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை பார்த்த ஒரு காண்ட்ராக்டர் கம்பெனியின் பாஸ்வேர்டு வழியாக. கண்டறியும் கருவி எச்சரிக்கை கொடுக்கத்தான் செய்தது. அதன்மேல் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கத்தான் ஆள் இல்லை.

பார்வை மான்

அப்படியானால் பொய்ச் சத்தம் போடாத காவல்காரன் உண்டா? அதற்குத்தான் பொய்க் கணிப்பொறி. ஆங்கிலத்தில் ஹனிபாட், அதாவது தேன் பானை என்பார்கள். எனக்கு அதைவிட நல்ல தமிழ்ச் சொல் ஒன்று தெரியும். 'பார்வை' என்ற சொல்லுக்குக் கண்ணால் காண்பது என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. காட்டு விலங்கைப் பக்கத்தில் வரவழைப்பதற்காக வேடர்கள் பழக்கிக் கட்டி வைத்திருக்கும் விலங்குக்கும் பார்வை என்றுதான் பெயர். சங்க இலக்கியத்திலேயே பார்வை மான் வருகிறது என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார். நம் முன்னோர் இந்த வித்தைக்கு எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

பொய்க் கணிப்பொறி என்பது எந்த வேலைக்கும் பயன்படாத கணிப்பொறி. வலையில் ஒரு மூலையில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பி.எல்.சி. மாதிரி, அல்லது கணக்கு சர்வர் மாதிரி தெரியும். ஆபீசில் யாருக்கும் அதில் வேலை கிடையாது. ஆகவே அதை யாராவது தொட்டாலே அது விசாரிக்க வேண்டிய விஷயம். ஆயிரம் பொய்ச் சத்தத்துக்குப் பதில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ சத்தம். அந்த ஒன்றும் பெரும்பாலும் உருப்படியான சத்தமாக இருக்கும். உள்ளே புகுந்தவன் எது அசல், எது போலி என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பான். போலிக் கதவைத் தட்டிய நிமிடமே மாட்டிக்கொள்வான்.

இந்த வித்தையின் முன்னோடிக் கதை சுவையானது. 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற வானியல் ஆராய்ச்சியாளருக்குக் கணிப்பொறி மையத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். கணிப்பொறி உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. சில்லறைக் காசு! வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. யாரோ முன்பின் தெரியாதவன் உள்ளே புகுந்து, அங்கிருந்து அமெரிக்க ராணுவக் கணிப்பொறிகளைத் தட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசிக் கம்பி வழியாக அவனைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் அவன் நீண்ட நேரம் இணைப்பில் இருக்க வேண்டும். ஆகவே ராணுவ ரகசியம் போலத் தோன்றும் பொய்க் கோப்புகளைக் கட்டுக் கட்டாக எழுதி வைத்தார் ஸ்டால். அவன் அதைப் படிக்க உட்கார்ந்தான். கம்பி போய் முடிந்த இடம், அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரம். மார்க்கஸ் ஹெஸ் என்ற அந்த ஆளும் அவன் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்குத் தகவல் விற்றவர்கள் என்று தெரியவந்தது. 1990இல் ஜெர்மன் நீதிமன்றம் தண்டித்தது.

75 சென்ட்டை விடாமல் துரத்திய ஒரு மனிதனின் பிடிவாதமும், படிக்கத் தூண்டும் பொய்க் காகிதமும் சேர்ந்து செய்த வேலை அது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை.

நம் நாட்டில் நடந்தவை

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்காக நம்ம ஊர்ச் செய்தி. 2019இல் நம் தமிழ்நாட்டில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்தது. முதலில் அப்படியெல்லாம் நடக்க வாய்ப்பில்லை என்று மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் செய்தி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு கணிப்பொறி. அணு உலையை இயக்கும் உள்வலை தனியாகப் பிரிக்கப்பட்டது, அதற்குப் பாதிப்பில்லை என்று சொன்னார்கள். பிரித்து வைத்ததன் அருமை அங்கே தெரிந்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணிப்பொறி அவசர உதவி அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதி கவனித்துத் தெரிவித்திருக்கிறது. அதாவது தகவல் வெளியிலிருந்து வந்தது! அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நிலைமை அப்படி என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு யார் போன் போட்டுச் சொல்வார்கள்?

2017 மே மாதம் வானாக்ரை என்ற பூட்டுப் போடும் மென்பொருள் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது. பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணிப்பொறிகளே மாட்டின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் ஆலையின் வேலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. ஓ.பி. சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். வலையைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. கேமராவும் பி.எல்.சி.யும் ஒரே சுவிட்சில் என்று மேலே எழுதினேனே, அதே நோய்தான்!

'நம்மகிட்ட என்ன இருக்கு?'

பயிற்சிக்குப் போனபோது ஒரு சூப்பர்வைசர் என்னிடம் கேட்டது இது. 'நம்மகிட்ட என்னம்மா இருக்கு? இரும்புக் கம்பிய இன்டர்நெட்டுல தூக்கிட்டா போவான்?' நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நல்ல பதிலை ட்ரெண்ட் மைக்ரோ என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கொடுத்திருக்கிறார்கள். 2019இல் அவர்கள் ஒரு முழுப் பொய்த் தொழிற்சாலையையே உருவாக்கினார்கள். நிஜ பி.எல்.சி.கள், திரைகள், ஒரு பொய்க் கம்பெனி, அதற்கு ஒரு இணையதளம். சோம்பேறிக் கம்பெனி மாதிரி சில கதவுகளை வேண்டுமென்றே திறந்து வைத்தார்கள். ஏழு மாதம் காத்திருந்தார்கள். வந்தவர்கள் யார்? பெரிய உளவாளிகள் இல்லை. மற்றவன் மின்சாரத்தில் கள்ளத்தனமாக மெய்நிகர் நாணயம் தோண்ட வந்தவன், கோப்பைப் பூட்டிப் பணம் கேட்டவன், மோசடிக் கொள்முதல் செய்ய இடம் தேடியவன். இரண்டு தடவை பூட்டுப் போடும் தாக்குதல் நடந்தது. 2020 ஜனவரியில் அறிக்கை வெளியானது.

இவர்களுக்கு நம் இரும்பு வேண்டாம். நம் அவசரம் வேண்டும். நாளைக்கு லாரி போயாக வேண்டும், ஆகவே பணம் கொடுத்துவிடுவான் என்ற கணக்கு. நம்மைப் பெயர் சொல்லித் தேடி வருவதும் இல்லை. இணையத்தில் உள்ள எல்லாக் கதவையும் வரிசையாகத் தட்டுகிறார்கள். 2016இல் மிராய் என்ற மென்பொருள், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கிற சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. நம்ம கம்பெனி கேமராவின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறோமா? யோசித்துப் பாருங்கள்.

செலவு எவ்வளவு ஆகும் என்று அடுத்த கேள்வி. மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்று போதும். லினக்ஸ் இலவசம். சீமென்ஸ் பி.எல்.சி. போல நடித்து, மோட்பஸ்ஸிலும் பதில் பேசும் கான்பாட், தொலைநுழைவுக் கதவு போல நடிக்கும் கௌரி, பலவகைச் சேவைகளாக நடிக்கும் ஓபன்கேனரி எல்லாமே இலவசம். ஸ்நார்ட், சுரிகாட்டா ஆகிய கண்டறியும் மென்பொருள்களும் இலவசம். சுவிட்சில் போகிற தகவலின் நகலை ஒரு போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால், எந்த இயந்திரத்தையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பி.எல்.சி.க்கு நாமாகச் சோதனைத் தகவல் அனுப்பிப் பார்க்கக் கூடாது. பழைய பி.எல்.சி. சில நேரம் அதிலேயே நின்றுவிடும். கேட்பது மட்டும்தான் நம் வேலை, பேசுவது இல்லை.

எச்சரிக்கையோடு செய்ய வேண்டியது

பார்வை மானைக் கட்டிவிட்டு வீட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாஸ்வேர்டு மாற்றுவது, வலையைப் பிரிப்பது, தகவலுக்கு நகல் எடுத்துக் கம்பியோடு சேராமல் தனியாக வைப்பது, இவற்றுக்குப் பிறகுதான் பொய்க் கணிப்பொறி. இன்னொன்று, திருடன் அந்தப் பொய்க் கணிப்பொறியையே பிடித்து, அதிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவலாம். ஆகவே அதிலிருந்து வெளியே போகும் வழியை அடைத்து வைக்க வேண்டும். நம்மைப் போன்ற ஆரம்ப நிலைக்காரர்களுக்கு, நிஜ கணிப்பொறியைத் திறந்து வைப்பதைவிட, நடிப்போடு நிறுத்திக்கொள்ளும் எளிய வகையே நல்லது.

சட்டமும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மற்றவர் கணிப்பொறிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். 43, 66 ஆகிய பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'திருடன்தானே, நான் அவன் கணிப்பொறிக்குள் போய்ப் பார்க்கிறேன்' என்று திரும்பப் பாய்வதும் இதே குற்றம்தான். எந்தக் கம்பெனியிலும், நம் கல்லூரி லேபிலும்கூட, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் எதையும் மாட்டக் கூடாது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். சிறு தொழில்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து, 2022 செப்டம்பர் 25 முதல் இது அவர்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. நம்ம ஏரியாவில் எத்தனை முதலாளிகளுக்கு இது தெரியும்?

நம் பேரவை மலரில் கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. இதே கருவியைத் தொழிலாளிக்கு எதிராகவும் திருப்பலாம். 'சம்பள உயர்வுப் பட்டியல்' என்று பெயர் வைத்து ஒரு பொய்க் கோப்பைப் பொதுக் கணிப்பொறியில் போட்டுவிட்டு, யார் திறக்கிறார்கள் என்று ஒளிந்து பார்த்து வேலையைவிட்டுத் துரத்தலாம். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவன் தன் சம்பளம் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்படுவது திருட்டு ஆகுமா? இது காவல் இல்லை, வேவு. பொய்க் கணிப்பொறி, வேலை செய்பவர் வழியில் குறுக்கிடாத இடத்தில் நிற்க வேண்டும். இங்கே கண்காணிப்பு உண்டு என்று நோட்டீஸ் போர்டில் தமிழிலும், வடமாநிலத் தோழர்களுக்காக இந்தியிலும் ஒட்ட வேண்டும். பதிவேட்டில் வருவது இயந்திரத்தின் முகவரிதான், மனிதனின் முகவரி இல்லை என்பதை விசாரிப்பவர் மறக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் இதை மாட்டிக் கொடுக்க நாம் கையைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரியாகச் செய்தால் என்ன ஆகும்? எங்கள் தெரு அண்ணன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வலையில் ஒரு பொய்க் கணிப்பொறி இருந்திருந்தால், ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு எந்த முகவரியிலிருந்து அது தட்டப்பட்டது என்று ஒரு வரி பதிவாகியிருக்கலாம். அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்ல அந்த ஒரு வரி உதவியிருக்கும். ஒருவேளை அவர் பக்கம்தான் தவறு என்றாலும், அதுவும் சாட்சியோடு தெரிந்திருக்கும். சந்தேகத்தின் பேரில் சோறு போவது நின்றிருக்கும்.

நாம் செய்யக் கூடியது

இதற்குப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. சுவிட்ச் என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன, பி.எல்.சி. எப்படிப் பேசும் என்று தெரிந்தவர்கள் நாம். மென்பொருள் மட்டும் படித்தவர்களுக்குப் பட்டறை தெரியாது. பட்டறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு வலை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் டிப்ளமோக்காரர்கள்! இந்த இடத்தை நாம் பிடிக்காவிட்டால், சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, புரியாத கருவி ஒன்றை மாட்டி, பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார். சத்தம் கேட்க மறுபடியும் ஆள் இருக்காது.

என் யோசனை மூன்று. ஒன்று, வரும் ஆண்டு இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஒரு குழுவாவது, முதல்வர் ஐயாவிடம் எழுத்தில் அனுமதி பெற்று, நம் கல்லூரி வலையிலேயே ஒரு பொய் பி.எல்.சி.யை வைத்து, ஒரு பருவம் முழுக்க என்ன தட்டுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அடுத்த மலரில் அந்தப் பதிவேட்டை வெளியிடலாம். இரண்டு, பேரவை சார்பில் தொழிற்பேட்டை முதலாளிகளைச் சந்தித்து, சம்மதிக்கிற ஒரே ஒரு சிறு கம்பெனியிலாவது இதைச் செய்து காட்ட வேண்டும். மூன்று, பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் திரும்பும்போது ஒரு கேள்வியைக் கேட்டு வர வேண்டும்: 'சார், நேத்து ராத்திரி இந்தக் கம்பியில யார் வந்தாங்கன்னு சொல்ல முடியுமா?' பதில் இல்லை என்றால் அங்கே நமக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

தோழர்களே! உலை முன்னால் நிற்பவனுக்கு ஹெல்மெட்டும் ஷூவும் கேட்டு வாங்கித் தந்தது தொழிலாளர் இயக்கம். திரை முன்னால் நிற்பவனுக்கு அதுபோன்ற பாதுகாப்பு, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கும் ஒரு பதிவேடு. அதைக் கேட்டு வாங்குவோம், நம் கையாலேயே மாட்டிக் கொடுப்போம், அதன் சத்தத்துக்குக் காது கொடுப்போம்!